ஜெனரலின் புத்தகத்தில் என் மனைவியும் மகளும்

தில்லையம்பலம் மாஸ்டர், நீங்கள் பொய் எழுதினீர்கள். செத்துப்போன என் மனைவியையும் மகளையும் அந்தப் பொய்க்குச் சாட்சியாக நிறுத்தினீர்கள்.

நடந்ததைச் சொல்கிறேன்.

2009 மே. முள்ளிவாய்க்கால். திகதி தெரியாது. கையில் மணிக்கூடு இருந்தது. நாட்காட்டி இருக்கவில்லை. காலை ஐந்து நாற்பது. நந்திக்கடலுக்குள் நிற்கிறோம். தண்ணீர் முழங்கால் அளவு. நான். மனைவி கமலினி. மகள் நிரூஜா, ஒன்பது வயது. பக்கத்துப் பங்கரில் இருந்த குடும்பம், ஆறு பேர். அவர்களில் ஒரு கிழவர். தலையில் சூட்கேஸ். கமலினியின் கையில் ஒரு தடி. தடியில் வெள்ளைச் சீலைத் துண்டு. அக்கரையில் இராணுவம். அங்கே போய்விட வேண்டும். வேறு யோசனை இல்லை.

டொம். செல் குத்துகிற சத்தம், குழாயை விட்டுக் கிளம்புகிறது. எண்ணுகிறேன். ஒன்று. இரண்டு. மூன்று. பதினொன்றில் கூவுகிறது.

"குத்திட்டான்! படு! தண்ணிக்குள்ள படு!"

விழுந்தோம். பின்னால் வெடித்தது. சேறு மழையாகக் கொட்டியது. எழும்பினோம். நடந்தோம். இடுப்பளவு. மகளைத் தோளில் ஏற்றினேன்.

பிறகு கரையில் இருந்து சத்தம். இது செல் இல்லை. ஆட்கள்.

"திரும்பு! ஒருத்தரும் போகேலாது! திரும்பு!"

வெடி. மூன்று. மேலே. அடுத்தது தண்ணீரில். எங்களுக்கு இடது பக்கம் தண்ணீர் துள்ளித் துள்ளி எழும்புகிறது. கிழவர் விழுகிறார். அவரை இரண்டு பேர் தூக்கினார்கள். தொடையில் காயம். சூட்கேஸ் மிதந்து போனது. ஒருவரும் அதைப் பிடிக்கவில்லை.

திரும்பினோம்.

கரையில் நின்றவர்கள் எங்கள் பெடியள், இயக்கத்துப் பெடியள். எங்கள் தமிழ். ஒருவன் அழுதுகொண்டே சுட்டான். அதையும் பார்த்தேன். அதையும் எழுதுகிறேன்.

அக்கரையில் இருந்து செல் அடித்தது இராணுவம். சனம் இருக்கும் இடம் என்று தெரிந்து அடித்தது. ஆஸ்பத்திரிக்கும் அடித்தது. அதை நான் மன்னிக்கவில்லை. செத்தாலும் மன்னிக்க மாட்டேன். ஆனால் இக்கரையில் நடந்ததும் நடந்ததுதான். ஒன்றைச் சொன்னால் மற்றதை மறைக்கிறேன் என்கிறார்கள். நான் இரண்டையும் சொல்கிறேன். இரண்டும் என் கண்ணால் கண்டது.

இனி அந்த ஜேர்மன் ஜெனரல் இதற்குள் எப்படி வந்தான் என்று சொல்கிறேன்.

2011 கடைசியில் பாரிசுக்கு வந்தேன். முதல் எட்டு மாதம் ஒரு ரெஸ்தோரண்டில் கோப்பை கழுவினேன். பிறகு தமிழ்க் கடைகள் நிறைந்த லாஷப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் சிவா அண்ணையின் அச்சகத்தில் சேர்ந்தேன். கிளிநொச்சியிலும் எனக்கு அதே தொழில்தான். எழுத்து அடிப்பது, பக்கம் கட்டுவது. இங்கே கலியாணக் கார்ட் அடிப்போம். பிள்ளை பெரியவளானால் சாமத்திய வீட்டுக்கு அடிப்போம். அதைவிட அதிகம் அடிப்பது மரண அறிவித்தல். செத்தவரின் படத்தோடு ஃபொபூர் சேன்-தெனி தெருக் கடைக் கதவுகளில் ஒட்டியிருக்கும். மரக்கறி வாங்க வருகிற சனம் நின்று வாசித்துவிட்டுப் போகும். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர். செத்தவரின் வாழ்க்கை வரலாறு அதில் இருக்க வேண்டும். வீட்டில் சாப்பாடு முடிய எல்லோர் கையிலும் ஒன்று கொடுப்பார்கள்.

அந்த வரலாறுகளை எழுதுகிறவர் நீங்கள், மாஸ்டர். முன்னாள் கணக்கு வாத்தியார். எண்பதுகளில் வந்தவர். லாஷப்பலில் யார் செத்தாலும் உங்களிடம்தான் வருவார்கள். வீட்டுக்காரர் சொல்வார்கள். நீங்கள் எழுதுவீர்கள். பிறப்பு, படிப்பு, உத்தியோகம், கலியாணம், பிள்ளைகள், எல்லோரோடும் அன்பாகப் பழகுவார், முடிவு. வீட்டுக்காரர் சொன்னதுக்கு மேல் ஒரு கேள்வி கேட்க மாட்டீர்கள். மனைவிக்கு அடித்தவன் உங்கள் எழுத்தில் இல்லறத்தின் தூண் ஆனான். எனக்குத் தெரியும். அடித்தவன் நான்தான், விசைப்பலகையில்.

"செத்த ஆக்களைப் பற்றிக் குறை எழுதுறேல்லைத் தம்பி. அது எங்கட முறை." இது நீங்கள் எனக்குச் சொன்னது. நான் தலையாட்டினேன். துக்க வீட்டுக்குச் சரி. யாருக்கு நட்டம் என்று நினைத்தேன்.

2013இல் எனக்கு அகதிப் பத்திரம் கிடைத்தது. நேர்முகத்தில் அந்த அதிகாரி, ஒரு பெண், மூன்று தரம் கேட்டார். அங்கே நீங்கள் விரும்பி நின்றீர்களா? மூன்று தரமும் இல்லை என்றேன். மொழிபெயர்ப்பாளரும் மூன்று தரமும் இல்லை என்றார். தண்ணீரை, வெடியை, கிழவரின் தொடையை எல்லாம் சொன்னேன். அவர் எழுதினார்.

அந்த மே மாதம் நான்காம் ஆண்டு நினைவஞ்சலி அடித்தேன். கமலினியின் படம் லண்டனில் இருந்த அவள் தங்கை அனுப்பியது. கலியாணப் படத்தில் என்னை வெட்டிவிட்டு அவளை மட்டும் எடுத்தது. நிரூஜாவுக்குப் படம் இல்லை. மூன்றாவது பிறந்தநாளில் எடுத்த ஒன்று கொழும்பில் ஒருவரிடம் இருந்தது. அதைப் போட்டோம். ஒன்பது வயதில் செத்த பிள்ளை அறிவித்தலில் மூன்று வயதாக இருந்தாள்.

வசனம் நீங்கள் எழுதினீர்கள். "பிறந்த மண்ணை விட்டு அகலோம் என மனமுவந்து நின்று, மே பதினெட்டில் மண்ணோடு கலந்த எங்கள் குலவிளக்குகளே."

"மாஸ்டர், பதினெட்டு இல்லை. அதுக்கு முதல்."

"என்ன திகதி?"

"தெரியாது."

"அப்ப பதினெட்டுப் போடுவம். எல்லாருக்கும் அந்த நாள்தானே."

போட்டோம். மற்ற வரியையும் வாசித்தேன். மனமுவந்து நின்று. பிழை என்று தெரியும். மாற்றுங்கள் என்று சொல்லவில்லை. சரிபார்க்க எடுத்த புரூவின் கீழே கையெழுத்து வைத்தேன். ஏன் வைத்தேன்? களைப்பு என்று இத்தனை வருடம் எனக்கே சொல்லி வந்தேன். களைப்பு இல்லை. அவள் விரும்பி நின்றாள் என்பது கேட்க நன்றாக இருந்தது. தோளில் பிள்ளையோடு நான் திரும்பி வந்தேன், வந்த இடத்தில் அவர்கள் செத்தார்கள் என்பதை விட அது லேசாக இருந்தது. அது என் பிழை. இதோ எழுதிவிட்டேன்.

2018இல் நீங்கள் கையால் எழுதிய நான்கு கொப்பிகளோடு வந்தீர்கள். நீல மை. ஒரு ஜேர்மன் ஜெனரலின் வரலாறு. தமிழில் முதல் தடவை என்றீர்கள். அவன் பெயரை நான் இங்கே எழுத மாட்டேன். நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

நான்தான் அடித்தேன். வரி வரியாக வாசித்தேன். பள்ளிக்கூட அதிபரின் மகன். சின்ன வயதிலேயே இராணுவப் பள்ளி. முதலாம் உலகப்போரில் லெப்டினன்ட், இரண்டு காயம், ஒரு பதக்கம். பிறகு கலியாணம், இரண்டு பெண் பிள்ளைகள், வயலின் வாசிப்பார். சர்வாதிகாரிக்குச் சத்தியம் செய்தது ஒரே ஒரு வரி. 1940இல் டாங்கிகளோடு பிரான்சுக்குள் வந்தது முப்பது பக்கம். பாரிசை ஒரு கண்ணாடிகூட உடையாமல் எடுத்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதற்குப் பதவி உயர்வு. பிறகு கிழக்கே ரஷ்யா. பனி. இன்னொரு பதவி உயர்வு. கடைசியில் ஒரு ஜேர்மன் ஆற்றங்கரைப் பட்டினத்தில் முற்றுகை. சரணடைவு. சில வருடம் சிறை. விடுதலை. நினைவுக் குறிப்புகள் எழுதினார். ஓய்வூதியம். எண்பது தாண்டிக் கட்டிலில் மரணம். பெட்டியின் மேல் தொப்பி.

ஒரு நினைவு மலர், மாஸ்டர். அதே ஒழுங்கு. அன்பாகப் பழகுவார் என்பது கூட இருந்தது. பக்கம்தான் அதிகம்.

சிவா அண்ணைக்கும் விளங்கியது. "மாஸ்டர், ஜெனரலுக்கு முப்பத்தொண்டு எப்ப? வாற சனம் சாப்பிட ரோல்ஸுக்கு ஓடர் குடுக்கவோ?"

"நக்கல் அடியாதை சிவா. உலகமே படிக்கிற போர்வீரர்."

"உலகம் படிக்கட்டும். அந்தாள் போன ஊர்ச் சனம் என்ன சொல்லுதாம்?"

நீங்கள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தீர்கள். நான் கேட்டேன், "எதைப் பார்த்து எழுதினீங்கள் மாஸ்டர்?"

"அவரே எழுதின புத்தகம். பிரெஞ்சில கிடைச்சது."

"அவர் தன்னைப் பற்றி எழுதினதோ?"

"ஓம். அவற்ற கதை அவருக்குத் தெரியாமல் வேறை ஆருக்குத் தெரியும்?"

துக்க வீட்டு முறை. வீட்டுக்காரர் சொன்னால் போதும். இந்த முறை வீட்டுக்காரரும் அவன்தான், பிணமும் அவன்தான்.

எனக்குத் திங்கட்கிழமை லீவு. அச்சகத்தில் இருந்து பன்னிரண்டு நிமிட நடையில் ஒரு நூலகம் இருக்கிறது. போனேன். அதே ஜெனரலைப் பற்றி ஒரு பிரெஞ்சுப் பேராசிரியர் எழுதிய தடித்த புத்தகம். அகராதியோடு ஒரு நாளைக்கு ஏழு, எட்டுப் பக்கம். போகிற வழியில் ஒரு ஆரம்பப் பள்ளி. சுவரில் கறுப்புக் கல். இந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்து கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்ட யூதப் பிள்ளைகளின் நினைவாக என்று பொறித்திருக்கிறது. ஆறு வருடமாக அந்த வழியால் போகிறேன். அந்த வருடம்தான் நின்று முழுக்க வாசித்தேன். கண்ணாடி உடையாமல் எடுத்த பாரிஸ் இதுதான்.

புத்தகத்தில் இருந்ததைச் சொல்கிறேன். ரஷ்யாவில் அவன் கையெழுத்தோடு கட்டளை போனது. ஊர்களைக் கொளுத்தினார்கள். நீங்கள் பனியைப் பற்றி எழுதிய அதே மாதங்கள். அந்த ஆற்றங்கரைப் பட்டினத்தைக் கோட்டை என்று அறிவித்தான். சனம் வெளியேறக் கூடாது என்றான். பாலத்தில் காவல் போட்டான். வெளியே இருந்து எதிரி குண்டு போட்டான், உள்ளே சனம் செத்தது. கடைசி நாளில் ஜெனரல் காரில் போய்ச் சரணடைந்தான். சூட்கேஸ், உதவியாளன் எல்லாம் இருந்தது. தப்பி வந்த ஒரு பெண் பிறகு சாட்சி சொல்லியிருக்கிறாள். பாலத்தில் தங்கள் ஆட்களே துவக்கை நீட்டித் திருப்பினார்கள் என்று. நான் அந்தப் பக்கத்தை மூன்று தரம் வாசித்தேன். அகராதி தேவைப்படவில்லை.

அடுத்த நாள் உங்கள் நான்காவது கொப்பி. பதினான்காம் அத்தியாயம். அந்தப் பட்டினம். அடிக்கிறேன். "மக்கள் மனமுவந்து ஜெனரலோடு நின்றனர்." அடிக்கிறேன். "எமது மண்ணிலும் இதுவே நடந்தது. பாரிசில் வாழும் எமது சகோதரர் ஒருவர் தன் துணைவியாருக்கும் மகளுக்கும் வெளியிட்ட அஞ்சலி இதற்குச் சான்று." கீழே என் நினைவஞ்சலி. முழுதாக. படத்தோடு.

கை நின்றது.

நீங்கள் எதிரில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தீர்கள்.

"மாஸ்டர், இதை எடுங்கோ."

"ஏன்? உம்மட அஞ்சலிதானே. உமக்குப் பெருமைதானே."

"அவை விரும்பி நிக்கேல்லை. போகப் பாத்தனாங்கள். திருப்பினவங்கள்."

"அப்ப அண்டைக்கு ஏன் கையெழுத்து வைச்சனீர்?"

"பிழை."

"பொய்யோ?"

"ஓம். பொய்."

"இப்ப சொல்லுறது பொய்யில்லை எண்டு நான் என்னெண்டு நம்புறது? அது அச்சில கிடக்கு தம்பி. நீர் சொல்லுறது வாயில கிடக்கு."

சிவா அண்ணை மெஷினை நிற்பாட்டினார். "மாஸ்டர், பெடியன் அங்கை நிண்டவன். நீங்கள் அப்ப இஞ்சை டியூசன் குடுத்துக்கொண்டு நிண்டனீங்கள்."

"அதுக்கு? ஜெனரலோடயும் நான் நிக்கேல்லைத்தான்."

சிரித்தீர்கள். கொப்பிகளை எடுத்துக்கொண்டு போனீர்கள். அந்தப் பக்கத்தையும் சேர்த்துச் சென்னையில் அச்சடித்தீர்கள்.

வெளியீடு 2019இல். லாஷப்பல் மெத்ரோவுக்குக் கிட்ட ஒரு மண்டபம். நூறு பேர் வரும். மேடையில் ஐந்து பேர். ஐந்து பேரும் அங்கே நிற்காதவர்கள். ஒருவர் ஜெனரலின் வியூகத்தைப் படம் போட்டு விளக்கினார். அம்புக்குறிகள். சனம் படத்தில் இல்லை. நான் எழும்பினேன். ஒலிவாங்கியைக் கேட்டேன். தந்தார்கள். "இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிற..." அவ்வளவுதான் கேட்டது. சத்தம் நின்றுவிட்டது. வயர் கழன்றது என்றார்கள்.

வாயால் கத்தினேன். "எங்களைத் தண்ணிக்குள்ள வைச்சுத் திருப்பினவை!"

பக்கத்துக் கதிரைக்காரர் என் கையைப் பிடித்தார். "அண்ணை, இருங்கோ. உதை இப்ப கதைச்சால் அவனுக்குத்தான் வாய்ப்பு."

"எவனுக்கு?"

"உங்களுக்குத் தெரியாதே எவனுக்கெண்டு."

பின்வரிசையில் ஒரு அக்கா. ஐம்பது வயது இருக்கும். என் தோளில் தட்டினார். "எங்களையும் திருப்பினவை தம்பி. ரெண்டு தரம்."

"எழும்பிச் சொல்லுங்கோ அக்கா."

"எனக்கு இஞ்சை கடை இருக்கு." கைப்பையை எடுத்தார். போய்விட்டார். அவரில் எனக்குக் கோபம் இல்லை. அடுத்த நாள் அச்சகத்துக்கு இரண்டு தொலைபேசி. துரோகியை வேலைக்கு வைத்திருக்கிறாயோ என்று. சிவா அண்ணை, "ஓம், நல்லா எழுத்து அடிப்பான்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

நான் கத்தியபோது மேடையில் நீங்கள், மாஸ்டர், கையெழுத்துப் போட்டுப் புத்தகம் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

ஆறு கடிதம் எழுதினேன். இரண்டு உங்களுக்கு. ஒன்று சென்னைப் பதிப்பாளருக்கு. மூன்று இங்கத்தைய பத்திரிகைகளுக்கு. ஒரு பதில் வந்தது. இடமில்லை என்று. அதே பத்திரிகையில் அந்தக் கிழமை உங்கள் புத்தகத்துக்கு அரைப் பக்கம் மதிப்புரை. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் கண்ணீரை வரவழைக்கிறது என்று எழுதியிருந்தது.

சரி. மனமுவந்து நின்றவர்கள் எப்படிச் செத்தார்கள் என்று கேளுங்கள்.

தண்ணீரில் இருந்து திரும்பி இரண்டாம் நாள். காலை பதினொன்று இருபது. கமலினி தன் கூறைச்சீலையை வெட்டி மண்மூட்டை தைக்கிறாள். மற்றச் சீலைகள் முடிந்துவிட்டன. நான் பங்கருக்கு மேல் போடத் தென்னங்குற்றி தேடிப் போகிறேன். நாற்பது மீற்றர் இருக்கும். நிரூஜா பங்கர் வாசலில் நிற்கிறாள். "அப்பா, எத்தினை மணி?" என்று கேட்டாள். மணிக்கூட்டைப் பார்த்துச் சொன்னேன். அதனால்தான் நேரம் தெரியும்.

டொம். டொம். டொம். மூன்று. சேர்ந்து.

"நிரூ! இறங்கு! உள்ளுக்கு இறங்கு!"

இறங்கினாள். கண்டேன். எண்ணினேன். ஒன்பதில் கூவியது. முதலாவது கடலுக்குள். இரண்டாவது தறப்பாள் கொட்டிலில். மூன்றாவது பங்கருக்குள்ளே.

சத்தம் கேட்கவில்லை. காது அடைத்துவிட்டது. மண் மட்டும் எழும்பியது. ஓடினேன். கையால் கிண்டினேன். கமலினியின் கையில் ஊசி இருந்தது. நூலும் இருந்தது. நிரூஜாவை அவள் கீழே வைத்துப் படுத்திருந்தாள். இருவரிலும் மூச்சு இல்லை. அதே பங்கரைக் கிண்டிய மண்ணால் மூடினேன். வேறு குழி வெட்ட நேரம் இல்லை. அடுத்தது குத்திவிட்டான்.

கணக்கு இதுதான்.

கமலினி, முப்பத்திநான்கு வயது. நிரூஜா, ஒன்பது வயது. பக்கத்துப் பங்கரில் ஆறு பேரில் நாலு பேர். தொடையில் காயப்பட்ட கிழவர் அதில் ஒருவர். அவர் பெயரை நான் கேட்கவில்லை. கமலினியின் தம்பி ஒருவன், கடைசியாக இரட்டைவாய்க்காலில் கண்டது, இன்று வரை இல்லை. என் வலது காது. கிளிநொச்சி வீடு. வீட்டு உறுதிப் பத்திரம். தையல் மெஷின் ஒன்று. சைக்கிள் இரண்டு. நிரூஜாவின் பள்ளிக்கூட அறிக்கைகள் நான்கு, எல்லாவற்றிலும் கணக்கில் முதலாம் ஆள். மூன்று வயதுக்குப் பிறகு எடுத்த அவள் படங்கள் அத்தனையும். அவர்கள் செத்த திகதி.

இதில் செல் அடித்தவன் எடுத்தது பெரும்பங்கு. அவன் பதில் சொல்ல வேண்டும். அதை வேறு இடங்களில் கேட்கிறேன், தொடர்ந்து கேட்பேன். மிச்சம் இருந்த ஒன்றை நீங்கள் எடுத்தீர்கள். அவர்கள் போக விரும்பினார்கள் என்பதை.

நான் பொய்யில் கையெழுத்து வைத்தேன். என் பெயர் யோகராசா. இதை என் பெயரோடு, எல்லோரும் பார்க்க, எழுதிவிட்டேன். இனி உங்கள் முறை, தில்லையம்பலம் மாஸ்டர். வீட்டுக்கு வந்து தனியாகக் கதைப்போம் என்று ஆள் அனுப்ப வேண்டாம். சனத்துக்கு முன்னால் சொல்லுங்கள். அந்தப் பட்டினத்து மக்கள் மனமுவந்து நின்றார்கள் என்று ஜெனரலைத் தவிர உங்களுக்குச் சொன்னது யார்? தண்ணீரில் திருப்பப்பட்டவன் வாய்திறந்து இல்லை என்று சொன்ன பிறகும், அந்தப் பக்கத்தை ஏன் அச்சடித்தீர்கள்?